ஸ்ரீரங்கத்துச் சத்தமும் வயதான பெற்றோரும்: வீட்டை மாற்றத்தான் வேண்டுமா?

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கேள்வி இது. அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 68. ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் சொந்த வீடு. அம்மாவுக்கு இரவில் தூக்கம் விட்டு விட்டு வருகிறது. டிவியை அலறவிட்டுப் பார்க்கும் அப்பா, தெருவில் ஒரு வெடி போட்டால் எரிந்து விழுகிறார். அவருக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரையின் அளவைக் கூட்டியாகிவிட்டது. கோயில், கல்யாண மண்டபம், ரயில், பாலம் என்று ஓயாத சத்தம்தான் காரணம் என்று தம்பி சொல்கிறார். கொள்ளிடத்துக்கு அக்கரையில் அமைதியான ஒரு ஃபிளாட்டும் பார்த்து வைத்துவிட்டார். சத்தத்துக்கும் உடம்புக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா, மாற்றிவிடலாமா என்று அந்தப் பெண் கேட்கிறார்.

சம்பந்தம் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் வீட்டை மாற்றும் முன் படுக்கும் அறையை மாற்றிப் பாருங்கள், அப்பாவின் காதைச் சோதித்துப் பாருங்கள் என்பதுதான் என் பதில். காது கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி பொருத்துவது என் தொழில். குடியிருப்பதும் இதே தீவில், திருவானைக்காவில். இங்கே எழும் சத்தங்களில் வயதானவர்களை நோகடிப்பதும் உண்டு, தாங்கிப் பிடிப்பதும் உண்டு. அக்கரை ஃபிளாட்டுக்குப் போனால் முதல் வகையில் கொஞ்சம் குறையலாம். இரண்டாம் வகை அடியோடு போய்விடும். அந்தக் கணக்கைப் போடாமல் முடிவெடுக்க வேண்டாம்.

முதலில் இந்தத் தீவின் விஷயம். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கல்லணைப் பக்கம் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. இடையில் கிடக்கும் ஒல்லியான மேட்டில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும். நீளம் அதிகம், அகலம் குறைவு. அதனால் இரண்டு கரையிலிருந்தும் சத்தம் வந்து சேருகிறது. போதாததற்கு, விழுப்புரம் திருச்சி ரயில் பாதை இந்த மேட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இரண்டு ஆற்றையும் பாலத்தில் தாண்டுகிறது. சென்னை நெடுஞ்சாலையும் அப்படியே. நகருக்குள் போக 1976ல் கட்டிய காவிரிப் பாலம், வடக்கே கொள்ளிடப் பாலம். மாசியில் பூச்சொரிதலுக்கும் சித்திரைத் தேருக்கும் சமயபுரம் போகும் கூட்டத்தில் பெரும்பகுதி, வண்டியில் பாட்டு போட்டுக்கொண்டு, நம் வாசல் வழியாகத்தான் போகும்.

ஆற்றுக்கு அக்கரையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் ஏன் பக்கத்து வீட்டில் பாடுவதுபோல் கேட்கிறது என்று பலர் கேட்பார்கள். பகலில் தரை சூடாகி, கீழ்க்காற்று மேல்காற்றைவிடச் சூடாக இருக்கும். அப்போது ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடுகிறது. இரவில் இது தலைகீழாகும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கும். மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழே இறங்கும். ஆற்றில் தண்ணீர் நிறைந்திருந்தால் அந்தப் பரப்பு ஒலியை உறிஞ்சாமல் அப்படியே எதிரொலித்து அனுப்பும். வறண்ட மணல் கொஞ்சமாவது விழுங்கும். அதனால் கொள்ளிடம் மணலாகக் கிடக்கும் கோடையில் அக்கரைப் பாட்டு சற்று மங்கிக் கேட்கும், தண்ணீர் ஓடும் மாதங்களில் தெளிவாகக் கேட்கும். ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, மேற்குப் பக்கத்துச் சத்தத்தை எல்லாம் தூக்கிக்கொண்டு வரும். இந்தக் காற்று மூடி மிகக் கெட்டியாக இருப்பது காற்றசையாத, தெளிந்த வானத்து மார்கழி விடியலில். அது நினைவிருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.

சரி, உடம்புக்கு என்ன ஆகிறது? காது மூடாது. தூங்கும்போதும் மூளை சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு லாரி ஹாரன் அடித்தால் நீங்கள் விழித்துக்கொள்ளாவிட்டாலும் இதயத் துடிப்பு ஒரு கணம் ஏறும், ரத்தக் குழாய்கள் சுருங்கும், ஆழ்ந்த தூக்கம் மேல்தூக்கமாக மாறும். 'எனக்கு ரயில் சத்தம் பழகிப்போச்சு' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பழகுவது விழிப்பு மட்டும்தான். துடிப்பு ஏறுவது பெரும்பாலும் பழகுவதே இல்லை. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் ரத்தக் கொதிப்புக்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2011ல் போட்ட கணக்கு ஒன்று உண்டு. மேற்கு ஐரோப்பாவில் மட்டும், போக்குவரத்துச் சத்தத்தால் ஆண்டுக்குக் குறைந்தது 10 லட்சம் ஆரோக்கியமான வாழ்நாள் ஆண்டுகள் வீணாகின்றன என்றார்கள். அதில் பெரும்பங்கு தூக்கக் கேட்டின் கணக்கில்தான் வந்தது. ஆக, பகல் சத்தத்தைவிட இரவுச் சத்தம்தான் முதல் எதிரி.

அதே அலுவலகம் 2018ல் ஐரோப்பாவுக்குச் சொன்ன அளவு: இரவில் வீட்டுக்கு வெளியே சாலைச் சத்தம் சராசரியாக 45 டெசிபலுக்கும் ரயில் சத்தம் 44க்கும் கீழே இருக்க வேண்டும். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலும் குடியிருப்புப் பகுதிக்கு இரவு அளவு 45தான், பகலில் 55. அதாவது சட்டப் புத்தகத்தில் நாம் ஐரோப்பாவுக்குக் குறைந்தவர்கள் இல்லை! டெசிபலைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டால் போதும். 10 கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தோன்றும். 45க்கும் 65க்கும் இடையே இருப்பது நாலு மடங்கு.

ஆனால் அளவு மட்டுமே கதை இல்லை. 1960களின் இறுதியில் கிளாஸ், சிங்கர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களை உட்காரவைத்து, எப்போது வரும் என்று தெரியாதபடி உரத்த சத்தத்தைப் போட்டார்கள். சிலரிடம் மட்டும் ஒரு பொத்தானைக் கொடுத்து, 'தாங்கவே முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும். ஆனால் கூடுமானவரை அழுத்தாமல் இருங்கள்' என்றார்கள். பொத்தான் கையில் இருந்தவர்கள் பெரும்பாலும் அதைத் தொடவே இல்லை. இரு தரப்பும் கேட்டது ஒரே சத்தம்தான். அப்புறம் கொடுத்த வேலைகளில், பொத்தான் வைத்திருந்தவர்கள் குறைவாகப் பிழை செய்தார்கள், சீக்கிரம் மனம் தளரவில்லை. நிறுத்த முடியும் என்ற நினைப்பே பாதித் துன்பத்தைத் தீர்த்துவிட்டது.

இதை நம் தெருவில் தினமும் பார்க்கலாம். எதிர்வீட்டில் கல்யாணம். முதல் நாளே வந்து, 'மாமி, நாளைக்குக் காலையில நாலரைக்கே மேளம் வாசிச்சுடுவா, கொஞ்சம் பொறுத்துக்கணும்' என்று தாம்பூலத்தோடு சொல்லிவிட்டுப் போனால் அந்த மேளம் காதில் தேனாகப் பாயும். சொல்லாமல் கொள்ளாமல் அதே நாலரைக்கு அடித்தால் குலைநடுங்கும். டெசிபல் ஒன்றுதான். தேர் நாளில் சித்திரை வீதியில் நிற்கும் கிழவருக்கு அந்த ஆரவாரம் உடம்பை வருத்துவதில்லை. அது அவருடைய தேர், அது எப்போது நகரும், எப்போது நிலைக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். யாரோ ஒருவர் யாரையும் கேட்காமல் மாடியில் கட்டிய பெட்டி ஸ்பீக்கர்தான் அவரை வருத்துகிறது.

அடுத்தது, தாங்கிப் பிடிக்கும் சத்தங்கள். தம்பி இதைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார். உத்திர வீதியில் உங்கள் அம்மாவின் நாள் கடிகாரத்தால் நடப்பதில்லை. கோயில் மணி, பால்காரர் சைக்கிள், வாசல் தெளிக்கும் சத்தம், கோலமாவு விற்பவர் குரல், பக்கத்து வீட்டுக் குக்கர், சாயங்காலம் புறப்பாட்டு மேளம், இவற்றால் நடக்கிறது. ஓய்வு பெற்றவர்களுக்கு நாள் உருவமில்லாமல் கரைந்துபோவது ஒரு நோய்க்குச் சமம், இந்த ஒலிகள் அதற்கு எலும்பு கொடுக்கின்றன. இன்னொன்றும் உண்டு. பொதுச்சுவர் வைத்த வீடுகளில் ஒருவர் இன்னொருவருக்குக் காவல். காலையில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்கவில்லை என்றால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டிவிடுவார்கள். தனியாக இருந்த ஒரு பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்ததை அடுத்த வீட்டுக்காரர் அப்படித்தான் கண்டுபிடித்தார். வழக்கமாக ஆறு மணிக்கு ஒலிக்கும் அவர் வீட்டு ரேடியோ அன்று ஒலிக்கவில்லை, அவ்வளவுதான். நன்றாகக் கதவடைத்த ஃபிளாட்டில் இதற்கு வழியில்லை.

டெல்டாவின் கீழ்க்கோடிக்குப் போனால் சத்தம் உயிரையே காக்கிறது. கொள்ளிடத்துக்குள் முதலைமேடுதிட்டு, நாதல்படுகை, வெள்ளைமணல் என்று திட்டு ஊர்கள் இருக்கின்றன. முகத்துவாரத்தில் கொடியம்பாளையம் தீவு. மேட்டூர் நிரம்பி உபரி நீரைக் கொள்ளிடத்தில் திறந்துவிட்டால் முதலில் மூழ்குவது இந்தப் படுகைகள்தான். 2018லும் 2022லும் வெள்ளம் வந்தபோது, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருவாய்த்துறையினர் சொல்லிப்போனதைக் கேட்டுத்தான் மாட்டை அவிழ்த்துக்கொண்டு கரையேறினார்கள். முன்பு அந்த வேலையைத் தண்டோரா செய்தது. நாள் முழுக்க எதற்கெடுத்தாலும் குழாய் அலறும் ஊரில், வெள்ள எச்சரிக்கையும் இன்னொரு இரைச்சலாகிப் போகும். ஒலிபெருக்கியை அளந்து பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

தண்ணீர்ச் சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் ஒலிப்பதிவுகளையும், இயற்கை ஒலிகளைப் பற்றிய பழைய ஆய்வுகளையும் சேர்த்து 2021ல் ஒரு தொகுப்பு வந்தது. மன மகிழ்ச்சியை அதிகம் கூட்டியது நீரின் ஒலி, மன அழுத்தத்தையும் எரிச்சலையும் அதிகம் குறைத்தது பறவைகளின் ஒலி என்று கண்டார்கள். நமக்கு இரண்டும் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கிறது. ஜூன் 12 வழக்கப்படி மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் காவிரிக்கரை அம்மா மண்டபப் படித்துறைக்கு அம்மாவைக் காலையில் அழைத்துப் போகச் சொல்லுங்கள். ஆடிப் பெருக்குக் கூட்டத்தில் வேண்டாம், சாதாரண வாரநாளில். கொள்ளிடக் கரையில் விடியற்காலைக் குருவிச் சத்தம் இன்னும் நன்றாக இருக்கும்.

இனி அப்பா. உங்கள் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான். டிவியை அலறவிடுகிறார், வெடிச்சத்தத்துக்கு எரிந்து விழுகிறார். இரண்டும் முரண்போலத் தோன்றும். வீட்டில் பலர், 'அவருக்கு வேண்டியது மட்டும் கேட்கும்' என்று கேலி பேசுவார்கள். பேச வேண்டாம். வயதானால் உள்காதின் மயிர்ச் செல்கள் குறைகின்றன, முதலில் போவது கீச்சென்ற உயர் சுருதிகளைப் பிடிக்கும் செல்கள். ச, த, ட, ப போன்ற எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது அந்தச் சுருதிகள்தான். அ, ஆ, ஓ எல்லாம் கேட்கும். அதனால் 'கேக்கறது, ஆனா புரியல' என்பார். மெல்லிய ஒலி கேட்காமல் போன அதே காதில், உரத்த ஒலி சட்டென்று வலிக்கும் அளவுக்கு ஏறிவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வசதியான இடம் சுருங்கிவிட்டது. அதுதான் அவர் சிக்கல், குணக்கோளாறு இல்லை.

இப்படிப்பட்ட காது உள்ளவருக்கு இரைச்சலான தெருவில் பேச்சைப் பிரித்தெடுப்பது நாள் முழுக்கக் கூலி வேலை. சாயங்காலத்துக்குள் களைத்து, பேச்சைக் குறைத்து, திண்ணைக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024ல் மறதி நோய்க்கு மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டபோது, நடுவயதில் வரும் கேட்புக் குறையை முன்வரிசையில் வைத்தது. மூளைக்கு வரும் ஒலி குறைவதும், அதனால் மனிதர் ஒதுங்கிப்போவதும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று கருதுகிறார்கள். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ வேறிடத்திலோ ஆடியோகிராம் எனும் கேட்புச் சோதனை எடுத்துவிடுங்கள். அதற்கு முன் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில சமயம் அதை எடுத்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். கருவி வேண்டும் என்றால் உரத்த ஒலிக்கு உச்சவரம்பு வைக்கத் தெரிந்தவரிடம் பொருத்துங்கள், இல்லாவிட்டால் முதல் வெடிக்கே கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். இரண்டு காதிலும் தேய்மானம் என்றால் இரண்டுக்கும் போடுவதுதான் சரி. ஒன்று போதும் என்று சிக்கனம் பார்த்தால், சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் தெருவில் ஆட்டோவுக்குக் குறுக்கே போவார்.

அப்பாவின் ரத்தக் கொதிப்பைச் சத்தத்தின் தலையில் மட்டும் கட்ட வேண்டாம். அவர் குறட்டை விடுகிறாரா, இடையில் மூச்சு நிற்கிறதா என்று கேளுங்கள். அப்படி இருந்தால் அதுவே ரத்தக் கொதிப்பை ஏற்றும், அம்மாவின் தூக்கத்தைக் கெடுப்பதும் அதுவாகவே இருக்கலாம். பல வீடுகளில் இரவின் மிகப் பெரிய சத்தம் பக்கத்துக் கட்டிலில்தான் இருக்கிறது.

அம்மாவின் தூக்கத்துக்கு வீட்டைப் பார்ப்போம். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடு சத்தத்துக்கு எதிராக நன்றாகவே யோசித்துக் கட்டியது. திண்ணை, அப்புறம் இருட்டான குறுகிய ரேழி, பிறகு கூடம், முற்றம், தாழ்வாரம், சமையலுள், கடைசியில் கிணறும் கொல்லையும். தெருச் சத்தம் ரேழியில் நசுங்கித்தான் உள்ளே வர முடியும். கொல்லைப்பக்க அறைக்கும் வாசல் அறைக்கும் இடையே வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். கெடுத்தது நாம்தான். திண்ணையை இடித்து வாசல் பக்கம் படுக்கையறை எடுத்து, அலுமினியச் சட்டத்தில் நகரும் கண்ணாடி ஜன்னல் வைத்தோம். அந்த ஜன்னல் எவ்வளவு மூடினாலும் நடுவில் இடுக்கு இருக்கும். ஒலிக்கு அந்த இடுக்கே வாசல்.

எனவே முதல் வேலை, கட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றுவது. செலவு இல்லை, ஒரு நாள் போதும். மாற்றும் முன்பும் பின்பும் இரவு 11 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் போனில் அளந்து பாருங்கள். ஐபோனாக இருந்தால் அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் வெளியிட்ட இலவசச் செயலி நல்லது. ஆண்ட்ராய்டில் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்குத் தேறும், நீதிமன்றத்தில் காட்டத் தேறாது. மாற்றிய பிறகும் சத்தம் வந்தால், கதவின் அடியிலும் ஜன்னல் சட்டத்திலும் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். தடித்த திரை போட்டால் போதும் என்று கடையில் சொல்வார்கள், அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர வெளியிலிருந்து வருவதை அவ்வளவாகத் தடுக்காது. மின்விசிறி ஓடட்டும், அதன் சீரான இரைச்சல் சின்னச் சின்னச் சத்தங்களை மறைத்துவிடும். முற்றிலும் நிசப்தம் வேண்டும் என்று ஆசைப்பட வேண்டாம். காதில் 'ஙொய்' என்று ரீங்காரம் இருப்பவர்களுக்கு நிசப்தத்தில்தான் அது அதிகமாகக் கேட்கும். நுரைக் காதடைப்பான் அம்மாவுக்குச் சரியாக இருக்கலாம், ஆனால் வீட்டில் இருவரில் ஒருவருக்காவது இரவில் அழைப்புமணி கேட்க வேண்டும். அப்பா கருவியைக் கழற்றிவிட்டுத் தூங்குவார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி குழாய் விவகாரம். கூம்புக் குழாயின் ஒலி, மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் சுருதியில்தான் பீய்ச்சி அடிக்கிறது. அதனால் தூரம் போகும், எரிச்சலூட்டும். பெட்டி ஸ்பீக்கரின் அடித்தளச் சத்தம் வேறு வகைத் தொல்லை, அது சுவரைத் தாண்டி நெஞ்சில் இடிக்கும். சவுண்டு சர்வீஸ்காரரிடம் போய் 'கொஞ்சம் குறைங்க தம்பி' என்றால் அவர் குறைப்பார், உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஆம்ப்ளிஃபயரின் சக்தியைப் பாதியாக்கினாலும் 3 டெசிபல்தான் இறங்கும். 'குறை' என்று கேட்காதீர்கள், 'திருப்பு' என்று கேளுங்கள். கூம்பின் வாய் உங்கள் வீட்டைப் பார்க்காமல் திரும்பினாலே கூர்மையான சுருதிகள் வெகுவாக அடங்கிவிடும். அதைவிட நல்லது, கம்பத்து உச்சியில் ஒன்றைக் கட்டி ஊருக்கே அலறவிடாமல், கூட்டம் இருக்கும் இடத்தில் சின்னச் சின்னதாகப் பல ஸ்பீக்கர்களைக் கீழ்நோக்கிக் கட்டுவது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறைகிறது. கேட்பவருக்குப் பக்கத்தில் வைத்தால் மெல்லப் பாடினாலே போதும். விழாக் குழுவில் ஒருவராவது இதைப் புரிந்துகொள்வார். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் பேசுங்கள், அன்று இரவு சண்டை போட்டுப் பயனில்லை.

இடையில் ஓர் ஆதங்கம். நாதஸ்வரமும் தவிலும் வெட்டவெளிப் புறப்பாட்டுக்கென்றே வளர்ந்த வாத்தியங்கள். கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்கிற நாதஸ்வரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாலு வீதிக்குக் கேட்கும்படி செய்த அந்த வாத்தியத்தை ஏசி மண்டபத்துக்குள் உட்காரவைத்து, முன்னால் மைக்கும் வைப்பது என்ன நியாயம்? முன்வரிசையில் உட்கார்ந்த பாட்டிகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். வாசிப்பவரின் காதும் சீக்கிரம் போகிறது. மைக்கை எடுத்தால் இசையும் பிழைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மாநில அரசு 10லிருந்து 12 மணி வரை தளர்வு தரலாம், ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் முடியாது. பொது இடத்து ஒலிபெருக்கியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில், அப்பகுதிக்கான அளவைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. 2000ல் சென்னைத் தேவாலயம் ஒன்றுக்கும் அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005 ஜூலையில் இன்னும் விரிவாக ஒரு தீர்ப்பு வந்தது. இவை எல்லா மதத்துக் குழாய்களுக்கும் பொது. 100க்கோ 112க்கோ அழைத்துப் புகார் சொல்லலாம். மண்டபம் ஒன்று தொடர்ந்து தொல்லை கொடுத்தால் எழுத்தில், தேதி நேரத்தோடு, தெருவில் நாலு பேர் கையெழுத்தோடு கொடுங்கள். தனி ஆளாகக் கொடுத்தால் 'உங்களுக்கு மட்டும்தானா சார் கேட்குது' என்பார்கள்.

மார்கழிக்கு வருகிறேன். விடியற்காலை ஐந்துக்கு ஒலிபெருக்கியில் திருப்பாவை போடுவது பல ஊர்களில் வழக்கம். ஆறு மணிக்கு முன் போட்டால் அது சட்டத்துக்கு வெளியேதான். அந்த நேரத்தில்தான் முன்பு சொன்ன காற்று மூடி மிகக் கெட்டியாக இருக்கிறது, அக்கரைக் கூம்பு அம்மாவின் தலையணைக்கே வந்துவிடும். அப்படிச் சொன்னால் பக்திக்கு விரோதி என்று சண்டைக்கு வருவார்கள். நான் எதிர்ப்பது பாசுரத்தை இல்லை, குழாயை. பஜனை கோஷ்டி வீதியில் வாயால் பாடிக்கொண்டு வந்தால் அது ஒரு வீட்டு வாசலில் சில நிமிடம் இருக்கும், நகர்ந்துவிடும். விழித்திருப்பவர் சேர்ந்து பாடலாம், தூங்குகிறவர் தூங்கலாம். கோயிலுக்குள் நடக்கும் அரையர் சேவைக்கும் இரவின் ஏகாந்த வீணைக்கும் கூட்டம் முண்டியடிப்பது அவை உரத்து ஒலிப்பதாலா? கேட்க வேண்டியவர் தேடிப் போய்க் கேட்கிறார்.

ஆகவே வரிசை இது: கட்டில், காது, குறட்டை, அப்புறம் குழாய். இவ்வளவும் செய்து சில மாதம் பார்த்தும் அம்மா தூங்கவில்லை, மருத்துவரும் சத்தத்தைத்தான் சந்தேகிக்கிறார் என்றால் ஃபிளாட்டை யோசிக்கலாம். தவறில்லை. ஆனால் அவர்கள் இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். அம்மா 'சரி' என்று சொல்வது உங்களுக்காகவா, தனக்காகவா என்று பாருங்கள். தினமும் புறப்பாடு பார்த்துப் பழகியவருக்கு அக்கரையிலிருந்து ஆட்டோ பிடித்து வருவது முதல் மாதம் நடக்கும், அப்புறம் நின்றுபோகும். போகத்தான் வேண்டும் என்றால், தீவிலேயே அடையவளஞ்சான் வீதிப் பக்கமோ திருவானைக்காவிலோ உள்ளடங்கிய தெருவில் வாடகை வீடு கிடைக்கிறதா என்றும் பாருங்கள். அக்கரை ஃபிளாட்டுதான் என்று முடிவானால், நெடுஞ்சாலை எவ்வளவு தூரம், ஜெனரேட்டர் எந்தப் பக்கம், பக்கத்து மனையில் கட்டட வேலை வரப்போகிறதா என்று விசாரியுங்கள். முகூர்த்த நாள் இரவு ஒன்றிலும் மார்கழி விடியல் ஒன்றிலும் தம்பி அங்கே போய்ப் படுத்துப் பார்க்கட்டும். பகல் பதினொரு மணிக்குத் தரகர் காட்டும் அமைதியை நம்பி முன்பணம் கொடுத்துவிட வேண்டாம்.